குடத்தில் இருந்த பெயர்

பித்தளையில் உளியால் வெட்டிய பெயர், மணல் அடித்தால் தானாகப் போய்விடாது. மணலைப் பீய்ச்சும் குழாய் முனையை வழக்கம்போல மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டு போனால் பாத்திரம் முழுக்க மங்கும், பெயர் மட்டும் அப்படியே நிற்கும். பெயர் போக வேண்டுமென்றால் ஒரே இடத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும். கை வலிக்கும் வரை பிடிக்க வேண்டும். என் அக்காவின் பெயரை நான் அப்படித்தான் அழித்தேன். தெரியாமல் போய்விட்டது என்று அப்போது சொன்னேன். எழுபத்தெட்டு வயதில் அந்தப் பொய்யை இன்னும் வைத்துக்கொண்டிருக்க எனக்குச் சக்தி இல்லை.

எண்பதுகளின் பின்பாதியில், நான் வேலை பார்த்த தொழிற்சாலையைக் கதவடைப்பு என்று சொல்லி மூடிவிட்டார்கள். ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த தொழிற்சாலை. வார்ப்படச் சாமான்களைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருந்தேன். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அங்கே ஒரு தனி அறையில் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சித் துருவையும் கசடையும் எடுப்பார்கள். கறுப்பாக உள்ளே போன இரும்பு சாம்பல் நிறத்தில், நேற்றுப் பிறந்ததுபோல வெளியே வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் இதை வீட்டிலேயே செய்யலாமே என்று தோன்றும். கதவு மூடி நான்கு மாதமானதும் செய்தே தீருவது என்று இறங்கினேன்.

வீடு சேலையூரில். அப்பா விவசாயம் பார்த்த நிலமெல்லாம் மனைகளாகப் போய், மிச்சமிருந்தது வீடும் பின்னால் ஒரு தகரக் கொட்டகையும்தான். வீட்டில் நான், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், அக்கா. அக்காவுக்கு அனகாபுத்தூரில் கல்யாணம் செய்து கொடுத்திருந்தோம். பிள்ளை இல்லை. ஒன்பதாம் வருஷம் அத்தான் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவளை அழைத்துவர நான்தான் வேன் எடுத்துக்கொண்டு போனேன். அத்தானின் தம்பி பாத்திரங்களையெல்லாம் முற்றத்தில் பரப்பி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பெயர் படித்தான். "இது எங்களுது. இதுவும் எங்களுது. இது உங்களுது, எடுத்துக்கங்க." நகையைப் பற்றி யாரும் பேசவில்லை. அக்கா பெயரும் அப்பாவின் தலைப்பெழுத்தும் வெட்டியிருந்த ஐந்து உருப்படிகள் மட்டும் வேனில் ஏறின. ஒரு குடம், ஒரு தவலை, ஒரு தாம்பாளம், ஒரு பொங்கல் பானை, ஒரு கூஜா. ஐந்தும் எங்கள் வீட்டுப் பரணில் ஏறி உட்கார்ந்தன. அக்கா குரோம்பேட்டையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் சேர்ந்தாள். கதவடைப்பு மாதங்களில் எங்கள் நான்கு பேருக்கும் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்தான்.

கம்ப்ரசர் வாங்க மேற்குத் தாம்பரத்தில் ஒரு பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் புது மெஷின் வாங்கிவிட்டுப் பழையதைத் தள்ளிவிடக் காத்திருந்தார்.

"இன்னா சார், வூட்ல வெச்சிகினு இன்னா பண்ணப் போற? படிச்ச ஆளு, எனக்குப் போட்டியா கட போடறியா?"

மணல் அடிக்கப்போவதாகச் சொன்னேன்.

"மணலா? காத்து அடிக்கவே இது மூச்சு வாங்குது. தெனம் காலைல அடியில கீற திருகத் தொறந்து தண்ணிய வுடு. இல்லாங்காட்டி ஓஸ்ல காத்து வராது, கஞ்சிதான் வரும்."

அவர் சொன்னது சத்தியம். நம் ஊர்க் காற்றில் பாதி தண்ணீர். டேங்கின் அடியில் தினமும் துருத் தண்ணீர் தேங்கும். அது ஓஸில் ஏறினால் மணல் ஈரமாகி முனையில் அடைத்துக்கொள்ளும். முதல் பத்து நாள் நான் செய்த வேலை, குச்சியால் அடைப்பைக் குத்திக் குத்தி எடுத்ததுதான்.

முனைக்கும் வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரும்புக் குழாய் அரை மணியில் தேய்ந்து வாய் அகன்றுவிடும். மெக்கானிக் கடைகளில் தூக்கிப்போடும் ஸ்கூட்டர் பிளக்குகளைப் பொறுக்கிவந்து, இரும்பை உடைத்துவிட்டு, நடுவில் துளை உள்ள வெள்ளைப் பீங்கானை மட்டும் எடுத்து முனையாகப் பொருத்தினேன். அது இரண்டு நாள் தாங்கியது. தேயிலை வரும் பலகைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதற்குத் தகர உறை போட்டேன். கை நுழைக்க இரண்டு ஓட்டை, அதில் லாரி டியூப் வெட்டிச் செய்த கைகள். உள்ளே ஒரு பல்பு. மேலே பார்க்க ஒரு கண்ணாடி.

இந்தக் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். உள்ளே தெறிக்கும் மணல் கண்ணாடியையும் அடிக்கும். கால் மணி நேரத்தில் அது பனி படிந்ததுபோல வெளுத்துவிடும், பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டில் இருந்த சட்டம் போட்ட படங்களின் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குப் போயின.

"ஏண்டா, முருகர் கண்ணாடியையும் கழட்டிட்டியா? தூசில நின்னு தும்மிக்கிட்டு இருக்காரு, போய்ப் பாரு" என்றாள் அக்கா. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் மணலைப் பரப்பிக் காயவைத்துக் கோதுமைச் சல்லடையில் சலித்துக் கொடுத்தவளும் அவள்தான். தொழிற்சாலைகளுக்கு நான் எழுதிய அறிமுகக் கடிதங்களைப் பள்ளியில் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து தட்டச்சு செய்து கொண்டுவருவாள். என் இங்கிலீஷில் பிழை இருந்தால் திருத்திவிடுவாள், சொல்லமாட்டாள்.

என் மனைவிக்கு இதில் விருப்பமில்லை. கொடியில் காயும் துணியெல்லாம் நறநறவென்றிருந்தது. சோற்றிலும் ஒருநாள் இருந்தது. கம்ப்ரசரைப் போட்டால் தெருவிலேயே விளக்கு மங்கும். எதிர்வீட்டு அம்மாள் டி.வி. படம் சுருங்குவதாக வாசலில் நின்று கத்துவாள். எனக்கு இருமல் வந்தது. ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அடித்தேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பாதுகாப்பு. இருமல் இன்றைக்கும் இருக்கிறது. அதைத் தண்டனை என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அது முட்டாள்தனத்துக்கு வந்த கூலி. நான் செய்த தப்பு வேறு.

தொழிற்சாலைகளிலிருந்து பதில் வரவில்லை. ஒரு நண்பர் மூலமாக, மாமல்லபுரம் போகும் சாலையில் விடுதிகளுக்கு அலங்காரச் சாமான் பிடித்துக் கொடுக்கும் ஒருவர் வந்து பார்த்தார். நான் ஒரு பித்தளைத் துண்டில் அடித்து வைத்திருந்த மங்கல் நிறம் அவருக்குப் பிடித்துவிட்டது. பழைய பித்தளைப் பாத்திரங்கள் எட்டு, இதே மாதிரி மங்கலாக, வரவேற்பறையில் வைக்க வேண்டும், முதலில் மாதிரிக்கு நாலைந்து கொண்டுவந்து காட்டுங்கள், பிடித்தால் தொடர்ந்து வேலை இருக்கிறது என்றார். போகும்போது வண்டியில் ஏறிக்கொண்டே, "ஒண்ணு மட்டும் சார். பேர் கீர் எதுவும் இருக்கக் கூடாது. கெஸ்ட் எல்லாம் கிட்டப் போய்ப் பாப்பாங்க. எவன் வீட்டுச் சாமானோ தூக்கிட்டு வந்துட்டாங்கன்னு தோணிடும்" என்றார்.

பரணில் எட்டு பாத்திரங்கள் இருந்தன. ஐந்து அக்காவுடையவை, மூன்று என் மனைவியுடையவை. மாதிரிக்குத்தானே, காட்டிவிட்டுத் திரும்பவும் பரணில் வைத்துவிடலாம், மறுபடி பெயர் வெட்டிக்கொண்டால் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை.

அந்த வாரம்தான் அக்கா சொல்லியிருந்தாள், ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு போர்ஷன் பார்த்திருப்பதாக. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. தை பிறந்ததும் பால் காய்ச்சிப் போய்விடுவதாக. "எத்தனை நாளுக்குடா தம்பி வீடு தம்பி வீடுன்னு இருக்கறது? எனக்குன்னு ஒரு அடுப்பு வேணாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். "பானையும் குடமும் இருக்கு. மத்தது மெதுவா வாங்கிக்கறேன்."

அவள் போய்விட்டால் என் வீடு எப்படி நடக்கும் என்பதுதான் எனக்கு முதலில் வந்த எண்ணம். அவள் தனியாக இருப்பாளே என்றுகூட வரவில்லை. பாத்திரங்கள் வெளியே போயிருக்கின்றன, வேலை முடியவில்லை என்று சொல்லிச் சொல்லித் தையைத் தள்ளலாம், மாசியைத் தள்ளலாம் என்று மனசின் ஒரு மூலையில் கணக்குப் போட்டேன்.

அவள் வேலைக்குப் போன பிறகு ஒரு முற்பகலில் ஐந்தையும் இறக்கினேன். அன்று காலைதான் புதுக் கண்ணாடி மாற்றியிருந்தேன். உள்ளே பல்பு எரிந்தது. குடத்தைத் திருப்பி வைத்தேன். அப்பாவின் தலைப்பெழுத்து, ஒரு புள்ளி, பிறகு அவள் பெயர். உளிக்காரன் கொஞ்சம் சரிவாக வெட்டியிருந்தான். முனையைத் தலைப்பெழுத்தின் மேல் வைத்தேன். அது சட்டென்று போகவில்லை. ஓரம் மழுங்கியது, பிறகு உளி குத்திய புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்தன, பிறகு அங்கே எழுத்து இருந்தது என்று தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும்படி ஆயிற்று, பிறகு எனக்கே தெரியவில்லை. அடுத்த எழுத்துக்கு நகர்ந்தேன். கண்ணாடி வெளுக்க வெளுக்க மாற்றினேன். அந்தக் குடத்துக்கு மட்டும் இரண்டு முறை மாற்றினேன். நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மாற்றினேன்.

ஐந்தும் முடிந்த பிறகு பயம் வந்தது. அக்காவுடையதை மட்டும் எடுத்து அடித்தான் என்று ஆகிவிடக் கூடாது. மறுநாள் மனைவி தன் தம்பி வீட்டுக்கு வண்டலூர் போயிருந்தபோது அவளுடைய மூன்றையும் அடித்தேன். எட்டும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி, யாருடையது என்று சொல்ல வழியில்லாமல் வரிசையாக நின்றன. அப்போது எனக்கு வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்ற திருப்திகூட இருந்தது.

அலங்காரக்காரர் ஒரு நிமிடம்தான் பார்த்தார். "என்ன சார் இது, இவ்வளவு ரஃப்பா? பழசு மாதிரி இல்ல, அம்மை போட்ட மாதிரி இருக்கு" என்றார். ஆற்று மணல் பித்தளைக்குக் கரடு. மெல்லிய மணல் வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எட்டையும் ஆட்டோவில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். வீட்டில் இரண்டு பெண்களும் இருந்தார்கள்.

என் மனைவி கத்தினாள். அக்கா கத்தவில்லை. குடத்தைத் தூக்கி ஜன்னலருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் ஓரிடத்தைத் தடவினாள்.

"பேர் எங்கடா?"

"கண்ணாடி மங்கிப்போச்சுக்கா. உள்ள ஒண்ணும் தெரியல. பேர் இருந்த இடம்னே தெரியாம அடிச்சிட்டேன்."

"அஞ்சுலயுமா?"

"எட்டுலயும்" என்றேன். மூன்றை எதற்காக அடித்தேனோ அந்தப் பதில் தயாராக இருந்தது.

அவள் தையைத் தள்ளவில்லை. பொங்கல் முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை ஒரு டெம்போ வந்து நின்றது. அவள் டிரங்குப் பெட்டி, படுக்கை, ஒரு பிளாஸ்டிக் வாளி, அடுப்பு ஏறின. பிறகு அவள் சமையல்கட்டில் வந்து நின்றாள். எட்டும் தரையில் இருந்தன.

"என் பாத்திரத்த எடுத்துக்கறேன்" என்றாள் என் மனைவியிடம்.

என் மனைவி கெட்டவள் இல்லை. ஆனால் அவள் குடமும் அக்கா குடமும் ஏறக்குறைய ஒரே அளவு. அவளுடையது அவள் அம்மா கொடுத்தது. "எடுத்துக்கங்க அண்ணி, வேணாங்கல. ஆனா எது உங்களுது, எது என்னுதுன்னு எப்படிச் சொல்றது? எங்க அம்மா குடுத்தது தப்பித் தவறி வந்துடக் கூடாது இல்ல?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அடிச்சது நீங்கதானே? உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும். எட்டையும் கையில் பிடித்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தவன் நான். அக்காவின் குடத்துக்குக் கழுத்தில் ஒரு சின்ன நசுங்கல். அவள் பானைக்கு விளிம்பு தடிமன். சொல்லியிருந்தால், கண்ணாடி மங்கவில்லை என்பது வெளியே வந்துவிடும். அதோடு, இன்னும் ஒரு நிமிடம் குழப்பம் நீடித்தால் அக்கா டெம்போவைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று அப்போதும் எதிர்பார்த்தேன்.

"எல்லாம் ஒண்ணா அடிச்சதுதானே. எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். "யம்மா, இன்னாம்மா, இன்னும் எம்மா நேரம்? சவாரி கீது எனக்கு" என்றான். அவள் அசையவில்லை. நான் வாசலைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன், அடுப்பைப் பார்த்தேன்.

சங்கடம் தாங்காமல் என் மனைவிதான் பேசினாள். "ரெண்டு எடுத்துக்கங்க அண்ணி. எது வேணுமோ, நீங்களே பாத்து எடுத்துக்கங்க."

"குடுத்தா வாங்கிக்க வரலம்மா. என்னுத எடுத்துக்க வந்தேன்" என்றாள் அக்கா. டெம்போவில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். ஊரப்பாக்கத்தில் அவள் பால் காய்ச்சியது ஒரு அலுமினியச் சட்டியில் என்று பிறகு மகள் சொன்னாள். அவளைத்தான் அக்கா கூப்பிட்டிருந்தாள், எங்களை இல்லை.

கொட்டகையை அந்த வருஷமே மூடினேன். கம்ப்ரசரை அதே பஞ்சர் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். தொழிற்சாலை திறந்தது, போனேன், ஓய்வு பெற்றேன். அக்காவும் நாங்களும் பேசாமல் இல்லை. தீபாவளிக்கு வருவாள், மகளுக்குத் துணி எடுத்து வருவாள், சாப்பிட்டுவிட்டு மாலை வண்டியில் போய்விடுவாள். பரணை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மகளுக்குக் கல்யாணம் வந்தது. சீர்ப் பாத்திரங்கள் வாங்கப் பட்டியல் போட்டபோது என் மனைவி, "மேல இருக்கறதையே பாலிஷ் போட்டுக் குடுத்துடலாம்ங்க. அந்தக் கனத்துக்கு இப்ப எங்க கிடைக்குது?" என்றாள். சரி என்றேன். பாலிஷ் கடையில் சக்கரத்தில் கொடுத்து வாங்கியதும் எட்டும் பொன்போல மின்னின. பெயர் வெட்ட நான்தான் கொண்டுபோனேன். வெட்டுகிறவர் குடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "முன்னாடியே எதுனா பேர் இருந்துதா சார்? இங்க லேசா பள்ளமா கீதே" என்று கேட்டார். பழைய சாமான் என்றேன். மகளின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தலைப்பெழுத்து என்னுடையது.

மண்டபத்தில் சீர் பரப்பியிருந்த அறையில் அக்காவைத் தனியாகப் பார்த்தேன். கணவனை இழந்தவள் என்பதால் முன்னால் வராமல், எல்லாரும் மேடைப் பக்கம் போனதும் உள்ளே வந்திருக்கிறாள். குடத்தின் முன்னால் குனிந்து நின்றிருந்தாள். எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. கதவைச் சாத்தினேன்.

"அக்கா, இதுல உன்னுது ரெண்டு மூணு..."

"அஞ்சு" என்றாள். மோவாயால் ஒவ்வொன்றாகக் காட்டினாள். குடம், தவலை, தாம்பாளம், பானை, கூஜா. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"எதுக்கு? எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீ வாயத் தொறந்து சொல்லுவேன்னு நின்னேன். அவன் ஹாரன் அடிச்சி அடிச்சிக் கை ஓஞ்சி போனான், நீ சொல்லல."

"அக்கா, அன்னிக்குக் கண்ணாடி..."

"இன்னிக்குக் கண்ணாடிக் கதைய எடுக்காத. பொண்ணு கல்யாணம்." அவள் கையில் கடையில் சுற்றிக் கொடுத்த தாளோடு ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது. அதை மற்ற பாத்திரங்களின் ஓரமாக வைத்தாள். "பேர் வெட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டா. நானே குடுத்திருப்பேன். அத்தை சீர்னு அஞ்சையும் நானே தூக்கிட்டு வந்து வெச்சிருப்பேன். இப்பப் பாரு, அத்தை ஒரு தட்டு கொண்டாந்தான்னு சொல்லுவாங்க."

கதவைத் திறந்துகொண்டு போனாள். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டதாக யாரோ என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் போனேன். பந்தியில் ஒரு பெண், பெண்ணின் அத்தை என்ன சீர் செய்தாள் என்று என் மனைவியிடம் கேட்டதும், தட்டு என்று அவள் பதில் சொன்னதும் என் காதில் விழுந்தன. அப்போதாவது சொல்லியிருக்கலாம். இலையில் என்ன பரிமாறுகிறார்கள் என்று பார்க்கப் போய்விட்டேன்.

அதன் பிறகு அக்கா பதினோரு வருஷம் இருந்தாள். ஊரப்பாக்கத்துக்கு எத்தனையோ தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் ரயிலில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போவேன். அவள் முகத்தைப் பார்த்ததும், போன வாரம் குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்பேன். கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது என்று அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தது வேறு, நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு.

என் மகள் வருஷா வருஷம் அந்தப் பானையில்தான் பொங்கல் வைக்கிறாள். அத்தை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, ஒரு தட்டுதான் வைத்தாள் என்று போன பொங்கலன்றுகூடப் பேச்சுவாக்கில் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவளிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்துவிட்டேன், இன்னும் சொல்லவில்லை.